பழைய தட்டும் புதிய தட்டும்

சங்கீத ரசிகர்களில் இரண்டு கட்சி உண்டு. "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இனி வருமா?" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு கட்சி. "இன்னும் எத்தனை நாளைக்கு ஐயா அந்தக் காலத்தையே கட்டிக்கொண்டு அழுவீர்கள்?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பொதுவான குணம் ஒன்று இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் சொல்லும் தட்டை முழுக்கக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். காலையில் ஒரு கட்சி, ராத்திரி இன்னொரு கட்சி. ஆனால் பழைய தட்டுகளையும் புதிய தட்டுகளையும் பல வருஷங்களாக மாற்றி மாற்றிக் கேட்டு வந்ததில் ஒரு விஷயம் எனக்கு நிச்சயமாகிவிட்டது. இந்தச் சண்டையே தப்பான இடத்தில் நடக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது பழையதா புதியதா என்பதைப் பற்றி அல்ல. தட்டில் ஏறியது எது, ஏறாமலே போனது எது என்பதைப் பற்றித்தான். புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை யோசிப்பதற்கு விசேஷக் காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகாத்மா காந்தி வீதியில் சந்தை கூடும். சட்டைத் துணியிலிருந்து இரும்புச் சாமான் வரை அங்கே கிடைக்காதது இல்லை. பழைய சாமான் விரித்திருப்பவர்களிடம் எப்போதாவது கிராமபோன் தட்டுகளும் வரும். பெரும்பாலும் நாய் மார்க். இரண்டொன்று கொலம்பியா, ஓடியன். பிரெஞ்சு ராஜ்யத்தின் கொடி 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை பறந்த ஊரல்லவா? எனவே பாத்தே கம்பெனியின் சேவல் மார்க்கும் அபூர்வமாகத் தலை காட்டும். அந்தச் சேவல் சாமானியமானது அல்ல. அதன் ஆதிகாலத்துத் தட்டுகளில் பாட்டு நடுவிலே ஆரம்பித்து ஓரத்திலே முடியும். எஃகு முள் அதற்கு ஆகாது. உருண்டை முனை வைத்த நீலக்கல் வேண்டும். நாய் மார்க் பெட்டியில் கொண்டுபோய் வைத்தால் சேவல் கூவாது. ஒரே சங்கீதத்துக்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு பாஷை வைத்திருந்த காலம் அது.

இந்தத் தட்டுகள் நம் தேசத்துக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்ற பாடகியின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் முகத்தைக் கொண்டுபோய்ப் பாட வேண்டும். குரலின் அதிர்வு புனல் வழியே போய் ஒரு தகட்டை ஆட்டும். தகடு ஊசியை ஆட்டும். ஊசி மெழுகிலே கோடு கிழிக்கும். அவ்வளவுதான் யந்திரம். மெழுகு அச்சைக் கப்பலில் ஏற்றி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்கு அனுப்பித் தட்டுகளாக அடித்து வரவழைப்பார்கள். அங்கே இருப்பவர்களுக்கு இந்தியப் பாட்டில் எது யாருடையது என்று தெரியாது. ஆகையால் பாடி முடிந்ததும் பாடகியே தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லிவிடுவாள். அந்தக் காலத்துத் தட்டுகளைக் கேட்கிறவர்களுக்கு இந்தக் கடைசி வினாடி ஒரு தனி விருந்து. ராகமெல்லாம் முடிந்தபின் திடீரென்று ஒரு மனுஷி எதிரே வந்து நின்று "நான்தான்" என்று சொல்வது போலிருக்கும்.

தட்டு செய்த பொருளும் நம் தேசத்துப் பொருள்தான். சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் பூச்சி கசியவிடும் அரக்கு. கடிதத்துக்கு முத்திரை வைக்கவும் மரச்சாமானுக்கு மெருகு போடவும் பயன்பட்ட அதே அரக்கிலே உலகத்துச் சங்கீதமெல்லாம் ஐம்பது வருஷம் குடியிருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததும், மேல்நாடுகளில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உடைத்து அரைத்துப் புதிய தட்டு செய்தார்கள். எத்தனை பழைய குரல்கள் அரைபட்டுப் புதிய குரல்களாக மாறினவோ!

தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம். கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். தோடி ராகத்தைக் கோயில் வாசலில் விடிய விடிய வாசித்த நாட்டிலே இது அநியாயமாகத் தோன்றும். தோன்றவும் தோன்றியது. பெரிய வித்வான்களில் பலர் முதலில் புனலுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. குரல் போய்விடும், ஆயுசு குறைந்துவிடும் என்றெல்லாம் வதந்தி. கண்ட இடத்தில், காப்பி ஹோட்டலில் எல்லாம் தியாகராஜ சுவாமியின் கீர்த்தனம் ஒலிக்கலாமா என்ற நியாயமான சங்கடமும் உண்டு. தயங்காமல் முன்வந்தவர்கள் யார்? நாடகமேடைக்காரர்கள் வந்தார்கள். தேவதாசி குலத்துப் பெண்கள் வந்தார்கள். சமூகம் அவர்களுடைய பாட்டை ரசித்துக்கொண்டே அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. புனலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. குரலில் சுருதி இருக்கிறதா, கணீரென்று விழுகிறதா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்ததோ தட்டு விற்குமா என்பது ஒன்றுதான். இப்படி வியாபாரம் தன்னை அறியாமல் ஒரு தர்மத்தைச் செய்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கோயமுத்தூர் தாயி. இயற்பெயர் பழனிகுஞ்சரம். 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்தவர். இவருடைய தட்டுகள் சில இன்றைக்கும் கேட்கக் கிடைக்கின்றன. அடுப்பில் எண்ணெய் பொரிவது போன்ற இரைச்சலுக்குப் பின்னால் ஒரு குரல். முதல் தடவை கேட்டால் இரைச்சல்தான் கேட்கும். இரண்டாம் தடவை குரல் கேட்கும். மூன்றாம் தடவை இரைச்சல் காதில் விழவே விழாது. மூன்று நிமிஷம் என்ற அவசரமே அந்தப் பாட்டில் இல்லை. அவசரப்படாமல் சுருக்கமாக இருப்பது எப்படி என்று கதை எழுதுகிறவர்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

நம்மைத் தவிர வேறொருவர் அந்தப் பாடத்தைக் கேட்டார். மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர். புகழ் பெற்ற ரவெல் என்ற சங்கீதகர்த்தாவின் சிஷ்யர். 1912-இல் இந்தியாவில் பிரயாணம் செய்தவர். நம்முடைய சங்கீதத்தில் அவருக்கு உண்டான பித்து சாதாரணமானது அல்ல. ஊருக்குத் திரும்பி 'நான்கு ஹிந்துக் கவிதைகள்' என்று ஓர் இசைத் தொகுப்பு செய்தார். அதில் ஒரு பகுதியின் பெயர் 'மதராஸ்'. 1914-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பாரிஸில் அது அரங்கேறியது. அதே கச்சேரியில் ரவெலின் புதிய பாடல்களும், ஸ்ட்ராவின்ஸ்கியின் புதிய பாடல்களும் அரங்கேறின என்றால் எப்பேர்ப்பட்ட சபை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அது பெரிய காரியந்தான். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் தெலாஜ் செய்தார். தாயி பாடிய ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதை ஏறக்குறைய அப்படியே பியானோவுக்கு எழுதினார். தலைப்பையும் மாற்றவில்லை: 'ராகமாலிகா'. நம் தாள வாத்தியத்தின் அடங்கிய ஒலி பியானோவில் வரவில்லை என்று கண்டதும், ஒரு தந்தியின் அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். தந்தி டங்கென்று ஒலிக்காமல் தொம்மென்று ஒலித்தது. பியானோவின் வயிற்றுக்குள் சாமான்களைச் செருகி வாசிப்பது மேல்நாட்டில் பிற்காலத்தில் ஒரு பெரிய புதுமையாகக் கொண்டாடப்பட்டது. அந்தப் புதுமைக்கு முன்னோடிகளில் ஒன்று நம் மிருதங்கத்துக்கு ஏங்கிய இந்த அட்டைத் துண்டு.

அந்தத் தட்டிலே தாயி பாடியிருந்தது என்ன தெரியுமா? வடலூர் இராமலிங்க சுவாமிகளின் அருட்பா. எங்கள் ஊரிலிருந்து கடலூர் வழியாகப் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வடலூர் போய்விடலாம். ஜோதி வழிபாட்டுக்காக வள்ளலார் 1872-இல் அங்கே சத்திய ஞான சபையைத் திறந்தார். தாயி பிறந்ததும் அதே வருஷந்தான். பசித்தவனுக்குச் சோறு போடுவதே வழிபாடு என்று சொன்ன ஒரு துறவியின் பாட்டை, கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் குலத்தில் பிறந்த ஒரு பெண் பாடினாள். அரக்குத் தட்டிலே ஏறி அது பாரிஸ் போய்ச் சேர்ந்தது. புதுவையைப் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள். அத்தனை கவர்னர்களும் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரு சரக்கை ஒரு மூன்று நிமிஷத் தட்டு கொண்டுபோய்ச் சேர்த்தது.

இப்போது முன்பே சொன்ன விசேஷக் காரணத்துக்கு வருகிறேன்.

தெலாஜ் நம் தேசத்தில் சுற்றிக்கொண்டிருந்த அந்த 1912-ஆம் வருஷத்தில் புதுவையில் ஒரு மனிதர் பாடிக்கொண்டிருந்தார். 1908 முதல் 1918 வரை பத்து வருஷம், பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி, இந்தத் தெருக்களிலும் கடற்கரையிலும் மடுக்கரை ஓரங்களிலும் பாடினார். பாட்டு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிற கவி அல்ல அவர், பாடிக்கொண்டே எழுதுகிறவர். பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் குறித்து வைத்தவர். சங்கீதத்தைப் பற்றித் தாட்சண்யமில்லாத அபிப்பிராயங்களும் வைத்திருந்தார். 'சங்கீத விஷயம்' என்ற அவருடைய கட்டுரையைப் படித்தால், எங்கே போனாலும் வித்வான்கள் அதே சில கீர்த்தனங்களைத்தான் பாடுகிறார்கள் என்ற எரிச்சலும், ஹார்மோனியப் பெட்டியின்மீது அவருக்கு இருந்த தீராத கோபமும் தெரியும். இன்றைக்கு இருந்தால் முதல் வரிசை விமர்சகர்.

சுப்பிரமணிய பாரதியின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை.

அதே வருஷங்களில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் மதராஸுக்கு வந்து புனலை வைத்துக்கொண்டு நாடகப் பாட்டையும் ஜாவளியையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மதராஸ் நூறு மைல். ஆனால் அந்த நூறு மைலின் நடுவே ஓர் எல்லைக் கோடு இருந்தது. கோட்டைத் தாண்டினால் கைது. 1918 நவம்பரில் தாண்டினார், கைதானார். விடுதலையாகி, 1921 செப்டம்பரில் இறந்தும் போனார்.

ஆனால் அந்தக் குரலில் ஒரு சிறு பங்கு மிஞ்சியிருக்கிறது. மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் சிறுமியாகப் புதுவையில் வளர்ந்தவர். பாரதி புதிய பாட்டு ஒன்று கட்டியதும் இவர்களிடம் வந்து பாடிக் காட்டுவார். யதுகிரி அம்மாள் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் எந்தப் பாட்டு எந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது, வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இருக்கின்றன. பெரிய கம்பெனியின் புனல் செய்யாத வேலையை ஒரு சிறுமியின் காது செய்தது. அந்தப் புத்தகத்தை நான் புத்தகமாக நினைப்பதே இல்லை. பாரதியின் ஒரே இசைத்தட்டு என்றுதான் நினைக்கிறேன்.

பாரதியின் குரலைத் தட்டு பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய பாட்டைப் பிடித்துக்கொண்டது. அதுவும் ஒரு விசித்திரமான கதை. 1928-இல் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்த பாடல்கள், சில வருஷங்களுக்குள்ளே வியாபாரிகள் தேடி வாங்கும் சரக்காகிவிட்டன. பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையை ஜெஸிங்லால் மேத்தா என்ற தட்டு வியாபாரி வாங்கி வைத்திருந்தார். அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பன் வாங்கினார். செட்டியாரும் சினிமாவுக்கு வரும் முன்னே தட்டு வியாபாரிதான். சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் ஓடியன் தட்டுகளை விற்றவர். அவர் எடுத்த 'நாம் இருவர்' படம் 1947-இல் வந்தது. டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் அதிலிருந்து தட்டுகளாக ஊரெல்லாம் பரவின. அதற்கு முன்னால் பாரதியைப் படித்தவர்கள் உண்டு. தமிழ்நாடு முழுவதும் சேர்ந்து பாரதியைப் பாடியது அதற்குப் பிறகுதான் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வந்தது வழக்கு. டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். தரப்பிலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. பாரதியை ஒருவர் சொந்தம் கொண்டாடலாமா என்று நாடெங்கும் கேள்வி எழுந்தது. முடிவில் செட்டியார் பணம் எதுவும் கேளாமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை அரசாங்கம் பாரதியின் எழுத்து முழுவதையும் தன் உடைமையாக்கிக்கொண்டது. 1955-இல் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று பொதுவாக்கியது. ஒரு கவியின் பாட்டு நாட்டுடைமையானதற்குப் பின்னால் ஒரு கிராமபோன் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

போகட்டும், ரசிகனாக என் சொந்த அபிப்பிராயங்களையும் சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்கும்போது எனக்கு மூச்சு முட்டும். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரன் வரை குரலை அனுப்பிப் பழகியவர், புனலுக்கு முன்னால் மட்டும் எப்படி அடங்குவார்? பிருகாக்கள் சரவெடி போலப் போகின்றன. 1933-இல் இருபத்தேழு வயதில் இறந்துபோனார் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த அவசரத்துக்கு வேறு அர்த்தம் தோன்றுகிறது. அவருடைய மனைவி கே. பி. சுந்தராம்பாளின் அந்தக் காலத்துத் தட்டுகளை எல்லோரும் புகழ்வார்கள். நான் 1965-ஆம் ஆண்டுத் 'திருவிளையாடல்' சுந்தராம்பாளின் கட்சி. இளமையில் அது அழகான குரல். முதுமையில் அது அதிகாரமுள்ள குரல். முருகனையே கண்டித்துப் பேசும் உரிமையை வயது கொடுத்திருக்கிறது.

வீணை தனம்மாள் 1867-இல் பிறந்தவர். எழுபது வயதை நெருங்கிய காலத்தில், 1930-களிலே, கொலம்பியாவுக்குச் சில தட்டுகள் கொடுத்தார். நல்ல வேளையாக அதற்குள் மைக் வந்துவிட்டது. 1925-க்குப் பிறகுதான் மின்சாரப் பதிவு பரவியது. அது வந்திராவிட்டால், எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டுமே கேட்கும் அந்த வீணை நமக்குக் கேட்டிருக்காது. நிசப்தத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நாதம் அது. அந்தத் தட்டு ஓடும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தட்டில் இரண்டு பக்கம். நேரிலே ராத்திரி முழுவதும் கேட்டவர்கள், "இது கடலைச் செம்பில் மொண்டு வந்த மாதிரி" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடலையே பார்க்காமல் பிறந்த தலைமுறைக்குச் செம்புத் தண்ணீரும் உப்புக் கரிக்கத்தான் செய்கிறது.

எம். எஸ். சுப்புலக்ஷ்மி முதல் தட்டு பாடியது 1926-இல், பத்து வயதில். 'வேங்கடேச சுப்ரபாதம்' நீண்ட நேரத் தட்டாக வந்தது 1963-இல். இடையே முப்பத்தேழு வருஷம். அந்த முப்பத்தேழு வருஷத்தில் தட்டும் வளர்ந்துவிட்டது. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுற்றிய அரக்குத் தட்டுப் போய், முப்பத்து மூன்று சுற்றில் நிதானமாக நடக்கும் பிளாஸ்டிக் தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் பாடலாம். சுப்ரபாதம் பகவானை எழுப்புவதற்கு ஏற்பட்டது. தட்டு வந்த பிறகு அது குடும்பத்தை எழுப்பும் வேலையையும் சேர்த்துச் செய்தது. மூன்று நிமிஷத் தட்டால் அந்த வேலை ஆகியிருக்காது. யாரும் அதற்குள் எழுந்திருக்க மாட்டார்கள்.

மேல்நாட்டிலும் இந்த நீண்ட நேரத் தட்டுத்தான் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது. 'ஆல்பம்' என்ற சொல்லே, பல சின்னத் தட்டுகளைப் போட்டோ ஆல்பம் மாதிரி அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றதால் வந்தது. 1948-இல் அமெரிக்காவில் நீண்ட நேரத் தட்டு வந்தபின், பாட்டுகளை ஒரு நாவலின் அத்தியாயங்கள் போல வரிசைப்படுத்தும் கலை பிறந்தது. பீட்டில்ஸ் கோஷ்டியார் 1967-இல் வெளியிட்ட 'ஸார்ஜெண்ட் பெப்பர்' தட்டை அந்தக் கலைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். ராக் சங்கீதம் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் பெரியவர்கள்கூட அதை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேட்டுப் பார்க்கலாம். நடுவில் ஒரு பாட்டைப் பிடுங்கிக் கேட்டால் அதன் ருசி தெரியாது.

நம்மவர்களில் அப்படி ஒரு முழுத் தொகுப்பை யோசித்துச் செய்தவர் இளையராஜா. 1986-இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' அது. தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மானிய மேதைக்கும் சமர்ப்பணம் செய்த ஒலிநாடா. இது கர்நாடக சங்கீதமா, மேல்நாட்டுச் சங்கீதமா என்று பழைய கட்சியும் புதிய கட்சியும் அடித்துக்கொண்டார்கள். என்ன பெயர் வைப்பது என்று அவரே தலைப்பில் கேட்டுவிட்டபிறகு நாம் எதற்குச் சண்டை போட வேண்டும்? 2005-இல் திருவாசகத்தை மேல்நாட்டு வாத்தியக் குழுவோடு இசைத்தார். 2025 மார்ச்சில் லண்டனில் தம்முடைய சிம்பொனியை அரங்கேற்றினார். அன்று ஒரு பாரிஸ்காரர் தமிழ்த் தட்டைக் கேட்டுப் பியானோவில் எழுதினார் அல்லவா? அந்தக் கடிதத்துக்குப் பண்ணைப்புரத்திலிருந்து போன பதில் என்று இவற்றை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் போக எத்தனை வருஷம் ஆனால் என்ன, போய்ச் சேர்ந்ததே!

இனி, தட்டில் ஏறாதவர்களின் சங்கதி.

பாரதியின் 'குயில் பாட்டு' புதுவைக்கு மேற்கே ஒரு மாந்தோப்பில் நடக்கும் கதை. அதிலே குயில் தன் மனத்தைப் பறிகொடுத்த பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஏற்றம் இறைப்பவர்களின் பாட்டு. நெல் குத்தும் பெண்களின் பாட்டு. சுண்ணாம்பு இடிப்பவர்களின் பாட்டு. வயலில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு. கும்மி. இவ்வளவுக்கும் பிறகுதான் குழலும் வீணையும் வருகின்றன. நான் படித்தவற்றில் மிகச் சிறந்த ரசிகர் பட்டியல் இதுதான். அந்த வரிசையை நன்றாகக் கவனிக்க வேண்டும். சபாக்களின் வரிசையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்கிறார். அந்தப் பட்டியலின் முற்பாதியைத் தேடி எந்தக் கம்பெனியும் புனலைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகவில்லை. ஏற்றம் போய்விட்டது, பம்பு செட்டு வந்துவிட்டது. உரலும் உலக்கையும் மூலையில் கிடக்கின்றன. பம்பு செட்டுக்குப் பாட்டு வேண்டியதில்லை.

புதிய கட்சிக்காரர்கள்மீது எனக்கு மரியாதை பிறப்பது இந்த இடத்தில்தான். 2018-இல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கோஷ்டி மேடை ஏறியது. பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. வட சென்னைச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்ட கானாவைக் கிதாருக்குப் பக்கத்தில் நிறுத்தி, ராக் கச்சேரியின் தோரணையில் பாடினார்கள். 2021-இல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெல்லாம் சுற்றியது. அதிலே வருவது நிலத்தை உழுதும் நிலம் கிடைக்காதவர்களின் குரல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களின் குரல், ஒப்பாரியின் சாயல். "இதெல்லாம் சங்கீதமா?" என்று பழைய கட்சி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கோயமுத்தூர் தாயி காலத்திலும் இதே கேள்வியைக் கேட்ட கனவான்கள் இருந்திருப்பார்கள் என்று அவருக்குப் பதில் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இந்தப் பாட்டுகள் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலவற்றில் கொட்டும் முழக்கமும் குரலை விழுங்கிவிடுகின்றன. பழைய தட்டின் இரைச்சலை மன்னிக்கிற காது புதிய தட்டின் இரைச்சலை மன்னிக்க மறுக்கிறது. ஆனால் பிடிப்பதும் பிடிக்காததும் ரசிகனின் சௌகரியம். அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள எத்தனையோ சாயங்காலங்கள் இருக்கின்றன. பதிவாகிவிட்ட பாட்டைப் பற்றித்தான் அப்படிப் பேச முடியும். மகா வைத்தியநாதையர் 1893-இல் காலமானார். அவருடைய சரித்திரத்தை உ. வே. சாமிநாதையர் எவ்வளவோ அருமையாக எழுதியிருக்கிறார். படித்து முடித்ததும் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அது நன்றாயிருந்தது, இல்லை என்று சண்டை போடும் பாக்கியங்கூட நமக்கு இல்லை.

கெய்ஸ்பர்க் மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறி வந்து செய்த வேலையை இன்று சட்டைப் பையில் கிடக்கும் டெலிபோன் செய்கிறது. மெழுகு வேண்டாம், அரக்கு வேண்டாம், மூன்று நிமிஷக் கணக்கும் வேண்டாம். ஆனால் அதைக் கொண்டு நாம் பதிவது ஏற்கெனவே ஆயிரம் பேர் பதிந்துவிட்ட கச்சேரியைத்தான். அரியாங்குப்பத்திலோ பாகூரிலோ நடவுப் பாட்டுத் தெரிந்த கிழவி ஒருத்தி இன்னும் இருக்கக்கூடும். அவளுக்குப் பாட்டு மறப்பதற்கு முன்னால் யாராவது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, ஒரு தரம் பாடு" என்று கேட்க வேண்டும். பாடி முடித்ததும் கௌஹர் ஜான் மாதிரி அவள் தன் பெயரையும் சொல்லட்டும். அது நல்ல பாட்டா, சுமாரான பாட்டா என்ற அபிப்பிராயத்தை நமக்குப் பின்னால் வருகிற ரசிகர்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாவகாசமாகச் சொல்லிக்கொள்வார்கள்.